வளைந்து கொடுக்கிற இரும்பு

பழைய லாரி வாங்கப் போகிறவர்கள் இன்ஜின் எப்போது பிரித்தது, டயர் எத்தனை சதவீதம் இருக்கிறது, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எதுவரை என்று விசாரிப்பார்கள். உடுமலைப்பேட்டைப் பக்கம் வாங்குகிறவர் இவற்றுக்கெல்லாம் முன்னால் இன்னொன்றைக் கேட்டாக வேண்டும்: "ஏனுங்க, இது என்ன லோடு ஓட்டின வண்டி?"

தேங்காயும் கொப்பரையும் ஏற்றிய வண்டிக்குச் சேஸிஸ் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கிருஷ்ணாபுரம் அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அடித்த வண்டி என்றால் வேறு கதை. தோட்டத்து வரப்பில் ஒரு சக்கரம் ஏற, வாய்க்கால் கரையில் இன்னொன்று இறங்க, தலைக்கு மேல் கரும்பைச் சுமந்து முறுங்கி முறுங்கி வெளியே வந்த வண்டி அது. அதன் சட்டத்தில் கீறல் தேட வேண்டும். கோழிப்பண்ணை எரு ஏற்றிய வண்டியில் துருவைத் தேட வேண்டும். சுகுணா கோழி நிறுவனம் 1984-ல் தொடங்கியதே உடுமலையில்தான். கறிக்கோழி வளர்ப்பு இங்கே பழைய தொழில். அந்த எருவின் ஈரத்தில் அமோனியாவும் உப்பும் கலந்திருக்கும். இரும்புக்கு அது ஆகாது.

எல்லாவற்றிலும் மோசம், தூத்துக்குடியிலிருந்து திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கு உப்பு ஓட்டிய வண்டி. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு 50 கிராமும் அதற்கு மேலும் கூடப் போகும். மூட்டையிலிருந்து சிந்தியது பலகை இடுக்கு வழியாகச் சேஸிஸில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைய ஆரம்பிக்கும். மழையே பெய்யாத நாளிலும், நிழலில் நிற்கிற வண்டியிலும், விடியற்காலையில் சேஸிஸ் நனைந்திருக்கும் என்று அர்த்தம்.

சேஸிஸ் என்கிற சொல்லுக்கு நம் ஊரில் இரண்டு பொருள். கம்பெனியிலிருந்து இன்ஜின், கியர்பாக்ஸ், அச்சு, சக்கரம் எல்லாம் பூட்டி, மேலே கூண்டு மட்டும் இல்லாமல் வருவதை "சேஸிஸ் எடுத்தாச்சு" என்பார்கள். கண்ணாடியும் கூரையும் இல்லாத வண்டியில், பலகைப் பெட்டிமேல் உட்கார்ந்து, தலையில் துண்டு கட்டிக்கொண்டு டிரைவர்கள் வரிசையாக ஓட்டிப் போவதைப் பார்க்காத நெடுஞ்சாலை ஊர் கிடையாது. நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ திருச்செங்கோட்டிலோ பாடி கட்டுவார்கள். இன்னொரு பொருள், அத்தனையையும் தாங்குகிற இரும்புச் சட்டம் மட்டும். இந்தக் கட்டுரை அந்தச் சட்டத்தைப் பற்றியது.

சட்டத்தைப் பார்ப்பதற்கு முன், பட்டறைக்கு வருகிற பழைய வண்டிகள் எவை என்று சொல்லிவிடலாம். 1954-ல் டாடாவும் மெர்சிடிஸ் பென்ஸும் கை கோத்துச் செய்த வண்டிகள். 1969-ல் அந்த ஒப்பந்தம் முடிந்த பிறகும் அதே வழியில் வந்த 1210. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: 12 டன் மொத்த எடை, 100 குதிரைத்திறன். இன்னொரு பக்கம் 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-ல் பெயர் மாறிய எண்ணூர் அசோக் லேலண்டின் வண்டிகள். உடுமலைக்கு மோட்டார் வண்டி உறவு இவற்றைவிடப் பழையது. ஜி.டி. நாயுடு 1920-ல் தன் முதல் பஸ்ஸை ஓட்டியது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே, இந்த ஊர் வழியாகத்தான்.

இந்த வண்டிகளின் சட்டத்துக்கெல்லாம் ஒரே அமைப்பு: படுக்கப் போட்ட ஏணி. முன்னிருந்து பின்வரை இரண்டு நீளச் சட்டங்கள், அவற்றை இணைக்கிற நாலைந்து குறுக்குச் சட்டங்கள். பட்டறையில் லாங் மெம்பர், கிராஸ் மெம்பர் என்பார்கள். நீளச் சட்டத்தை வெட்டிப் பார்த்தால் பக்கவாட்டில் திறந்த ஒரு பெட்டி போல இருக்கும். மேலே ஒரு விளிம்பு, கீழே ஒரு விளிம்பு, நடுவே நிற்கிற சுவர், நாலாவது பக்கம் காலி.

ஏன் நாலாவது பக்கத்தையும் மூடி முழுப் பெட்டியாகச் செய்யவில்லை? பழைய வண்டியைச் சீரமைக்க வருகிறவருக்கு முதலில் புரிய வேண்டியது இதுதான். வீட்டுப் பின்புறத்து வாழையில் ஒரு இலையை அறுத்து, அதன் தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல்பக்கம் குழிந்து பள்ளமாக இருக்கும். அதை மேலும் கீழுமாக வளைத்தால் எதிர்த்து நிற்கும். முறுக்கினால் லேசாகத் திரும்பிக்கொடுக்கும். அவ்வளவு பெரிய இலையைத் தாங்கவும் வேண்டும், ஆடிக் காற்றில் திரும்பிக் காற்றை வழிய விடவும் வேண்டும். திறந்த வடிவம் இரண்டையும் செய்கிறது. லாரிச் சட்டமும் அப்படித்தான். பாரம் வைத்தால் தொய்யாது. ஒரு சக்கரம் மேட்டிலும் எதிர்மூலைச் சக்கரம் பள்ளத்திலும் இருக்கும்போது முறுங்கிக்கொடுக்கும். நாலு சக்கரமும் தரையில் நிற்பதற்குக் காரணம் ஸ்பிரிங் மட்டும் அல்ல, சட்டத்தின் இந்த முறுங்கலும்தான்.

குறுக்குச் சட்டங்களை வெல்டு வைக்காமல் ரிவெட் அடித்துப் பூட்டியதற்கும் காரணம் இதுவே. காயவைத்து அடித்த ரிவெட், ஆறும்போது சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். ஆனாலும் முறுங்கும்போது மயிரிழை அசைவுக்கு இடம் கொடுக்கும். வெல்டு அந்த இடத்தைக் கொடுக்காது. கொடுக்காத இடத்தில் இரும்பு கீறும்.

இப்போது வழக்கமாக நடப்பதைப் பார்ப்போம். சட்டத்தில் ஒரு கீறல். வெல்டர் வருகிறார், கீறல் மேல் ஒரு கோடு வெல்டு ஓட்டுகிறார். ஆறு மாதத்தில் பக்கத்திலேயே மறுபடி கீறுகிறது. இந்த முறை ஒரு பிளேட் வெட்டி, சதுரமாக மேலே வைத்து, நாலு பக்கமும் சுற்றி வெல்டு. "இனி எந்தக் காலத்திலும் அசையாதுங்க" என்கிறார். அவர் சொல்வது நிஜம். அந்த இடம் அசையாது. அதனால் பிளேட் முடிகிற ஓரத்தில், நெட்டுக்குத்தான அந்த வெல்டுக் கோட்டில், முறுங்கல் முழுவதும் போய்ச் சேர்கிறது. அடுத்த கீறல் அங்கே. அதற்கும் ஒரு பிளேட். பழைய வண்டிகள் சிலவற்றின் சட்டத்தில் இப்படிப் பிளேட் மேல் பிளேட்டாக ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி இருப்பதைக் காணலாம். நான் பார்த்த கெட்டுப்போன சேஸிஸ்களில் பாதியைத் துரு கெடுத்தது. மீதியை நல்லெண்ணம் கெடுத்தது.

சீரமைப்பு என்றால் பாடியைத் தூக்க வேண்டும். வேறு வழி கிடையாது. தமிழ்நாட்டு லாரிப் பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே நீளமாக மரக்கட்டை படுத்திருக்கும், யூ போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். மரம் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேல் விளிம்பின் பெரிய துரு எல்லாம் அந்தக் கட்டைக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். செயின் பிளாக் போட்டுப் பாடியைத் தூக்கி ஓரமாக வைக்காமல், அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் "சட்டம் நல்லா இருக்குங்க" என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

தூக்கிய பிறகு, கழுவுவதற்கு முன்னால் ஒரு முறை பார்க்க வேண்டும். அழுக்கு நிறைய விஷயம் சொல்லும். ரிவெட் தலையைச் சுற்றிக் குங்குமம் தூவியதுபோல் செம்பொடி இருந்தால், அந்த ரிவெட் உள்ளே ஆடுகிறது. பெயின்ட் மேல் முடி ஒட்டிய மாதிரி மெல்லிய சிவப்புக் கோடு இருந்தால், அடியில் கீறல். துரு வழிந்து வெளியே வந்திருக்கிறது. கழுவிவிட்டால் இரண்டு சாட்சியும் போய்விடும்.

கீறல் எங்கே வரும் என்பது ஏறக்குறையத் தெரிந்ததுதான். கேபின் முடிந்து பாடி தொடங்குகிற இடம், ஏனென்றால் விறைப்பான பகுதியும் தளர்ந்த பகுதியும் அங்கே சந்திக்கின்றன. பின் ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு பிடிக்கிற முன்பக்கத்து ஹேங்கரின் அடிப்பகுதி. பலத்துக்காகக் கம்பெனி சட்டத்தின் உட்பக்கம் வைத்த உள்தகடு முடிகிற ஓரம். பிறகு, யாரோ எப்போதோ டூல் பாக்ஸ் மாட்டவோ கூடுதல் டீசல் டேங்க் தொங்கவிடவோ போட்ட ஓட்டைகள். இந்தக் கடைசி வகைதான் எரிச்சலூட்டும். பாரம் ஏறும்போது இரண்டு அச்சுகளுக்கு நடுவே மேல் விளிம்பு நெருக்கப்படும், கீழ் விளிம்பு இழுபடும். பின் அச்சுக்கு மேலேயும் அதற்குப் பின்னாலும் இது தலைகீழாகும். நடுச் சுவரின் மையத்தில் மட்டும் இழுப்பும் நெருக்கமும் மிகக் குறைவு. ஓட்டை போட வேண்டுமென்றால் அந்த நடுச் சுவரில் டிரில் போட வேண்டும். விளிம்பில் போடக் கூடாது, கேஸ் கட்டிங் வைத்து ஊதிப் போடவே கூடாது. கேஸில் ஊதிய ஓட்டையின் ஓரம் பல் பல்லாகவும் கடினமாகவும் இருக்கும். கீறல் தொடங்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

சந்தேகப்பட்ட இடத்தில் கீறலை உறுதிசெய்ய, லேத் பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த மூன்று ஸ்பிரே டப்பா முறை போதும். முதல் டப்பாவில் துடைத்து, இரண்டாவதில் சிவப்பு திரவம் அடித்துச் சற்று ஊறவிட்டு, வழித்துத் துடைத்து, மூன்றாவது டப்பாவின் வெள்ளைப் பொடியை அடித்தால், கீறலுக்குள் போன சிவப்பு வெள்ளையில் கோடாக ஊறி வெளியே வரும்.

சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் சாமான்களே போதும். சமதளமான சிமெண்ட் தரையில் சட்டத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேங்கர் ஓட்டைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸில் புள்ளி வைக்க வேண்டும். பிறகு புள்ளிகளை மூலைக்கு மூலை அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டம் சதுரம் மாறவில்லை. ஒன்று நீண்டு ஒன்று குறுகியிருந்தால், எப்போதோ ஒரு பக்கம் மோதி சாய்சதுரமாகிவிட்டது. உயரம் பார்க்கத் தண்ணீர் டியூப் மட்டம். இந்த அளவுகளைப் பார்க்காமல் பின் அச்சைப் பூட்டினால், பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தில் வராமல் வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்து ஓடும், டயரை மாதா மாதம் தின்னும்.

துருவுக்கு வருவோம். சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீர் என்னும், அரித்த தகடு செத்த சத்தம் தரும். அது முதல் சோதனைதான்; தடிமனை அளந்தே ஆக வேண்டும். 6 மில்லிமீட்டர் தகடு துருவில் 4 மில்லிமீட்டராகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே பாரத்துக்கு இரும்பில் ஏறும் அழுத்தம் ஒன்றரை மடங்கு. ஆயுளும் அதே அளவுதான் குறையும் என்று தோன்றும். அப்படியில்லை. திரும்பத் திரும்ப ஏறி இறங்குகிற அழுத்தத்தில் வெல்டு இணைப்பு களைத்துப்போவதற்கு இன்ஜினியர்கள் போடும் கணக்கில், அழுத்தத்தின் மும்மடிக்கு எதிராக ஆயுள் குறையும். ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கி, வந்ததை மறுபடி ஒன்றரையால் பெருக்கினால் ஏறக்குறைய 3.4. பத்து வருடம் தாங்க வேண்டியது மூன்று வருடத்தில் முடியும். அதன் மேல் ஓவர்லோடு போட்டு அழுத்தத்தைக் கால் பங்கு கூட்டினால் ஆறரை மடங்கு, ஒன்றரை வருடம். "கொஞ்சம்தானே அரிச்சிருக்கு, கொஞ்சம்தானே கூட ஏத்தறோம்" என்பதன் விலை இது.

இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடத்தில் துரு வேறு விதமாகக் கெடுக்கும். துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். நடுவில் உப்பி, தகடுகளைப் பிளந்து, ரிவெட் தலையைத் தெறிக்கவிடும். அப்படி உப்பிய இடத்தில் வெளியே சுரண்டிப் பெயின்ட் அடிப்பது வீண். ரிவெட்டை டிரில் போட்டு எடுத்து, உள்தகட்டைப் பிரித்து, இரண்டையும் தனித்தனியாகச் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு விளிம்புகளும் நீளத்துக்கு மெலிந்துபோயிருந்தால் அந்தச் சட்டத்தோடு மல்லுக்கட்டாமல் காயலான் கடைக்குப் போட்டுவிடுவது நல்லது. மனசுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் அதில் ஆள் உட்கார்ந்து ஓட்ட வேண்டியிருக்கிறது.

கீறலைச் சரிசெய்யும் முறைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் கீறலின் நுனியைக் கண்டுபிடித்து, அங்கே சின்ன ஓட்டை போட வேண்டும். கூர்மையான நுனி வட்டமாகிவிட்டால் கீறல் மேலே ஓடாது. பிறகு கீறலை நீளத்துக்கும் கிரைண்டரால் பள்ளம் பறித்து, அடிவரை வெல்டு இறங்கும்படி செய்து, வெல்டை நிரப்பி, மேடு தெரியாமல் இழைத்துவிட வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ராடு போதாது. இ 7018 என்கிற லோ ஹைட்ரஜன் ராடு வேண்டும், அதுவும் ஈரம் படாமல் காயவைத்தது. ஈர ராடிலிருந்து ஹைட்ரஜன் இரும்புக்குள் போனால், வெல்டு ஆறிய பிறகு பக்கத்திலேயே வெடிக்கும்.

அந்த இடத்துக்குப் பலம் கூட்ட உள்தகடு வேண்டுமென்றால், அதன் முனைகளைச் சாய்வாக வெட்ட வேண்டும். நேராக வெட்டிய முனை சட்டத்தை ஒரே கோட்டில் திடீரென்று விறைப்பாக்கும். சாய்ந்த முனை கொஞ்சம் கொஞ்சமாக விறைப்பாக்கும். தகட்டை நடுச் சுவரில் போல்ட் போட்டுப் பிடிப்பது வெல்டைவிட மேல். தகடும் சேஸிஸ் இரும்புக்குச் சமமான தரமாக இருக்க வேண்டும். இரும்புக்கடையில் வாங்கும் சாதாரண எம்.எஸ். 250 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் இளகிவிடும், லாரிச் சட்டத்து இரும்பு பொதுவாக அதைவிட உறுதியானது.

எடுத்த ரிவெட்டுக்குப் பதிலாகச் சூட்டு ரிவெட் அடிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். போல்ட் போடலாம், தவறில்லை. ஆனால் ஓட்டையை ரீமர் விட்டுச் சரியாக்கி, அதற்கு அளவாகப் பிடிக்கிற போல்ட்டாக, தலையில் 8.8 அல்லது 10.9 என்று குறி போட்டதாக இருக்க வேண்டும். தொளதொளவென்று நிற்கிற போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் ஒரு மாதத்தில் ஓட்டையை நீள்வட்டமாக்கிவிடும்.

வெல்டு வைக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றுவதும், எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுவதும் பலருக்குத் தெரியும். ஸ்பிரிங் பிளேட் மேல் வெல்டுப் பொறி தெறிக்காமல் மூட வேண்டும் என்பதைக் கவனிக்கிறவர்கள் குறைவு. பிளேட்டில் ராடு ஒரு முறை தொட்டு எரிந்த புள்ளி போதும், பாரத்தோடு மலைப்பாதையில் போகும்போது அங்கிருந்து பிளேட் ஒடிய.

முன்பக்கம் சட்டத்தில் பொறித்த சேஸிஸ் நம்பரை மறக்கக் கூடாது. துருவை நீக்க மணல் பீய்ச்சி அடிப்பதற்கு முன் அதை ஒட்டு டேப் போட்டு மூட வேண்டும். நம்பர் அழிந்தால் ஆர்.சி. புத்தகம் வெறும் காகிதம். நாமே பஞ்ச் வைத்து அடித்துக்கொள்வது குற்றம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கித்தான் எதையும் செய்ய வேண்டும். சட்டத்தை வெட்டி நீளம் கூட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. வேறு இருக்கிறது. ஐம்பது வயதுக் காருக்கும் பைக்குக்கும் பழம்பெரும் வாகனம் என்று தனிப் பதிவு கொடுக்க 2021-ல் விதி வந்தது. சொந்த உபயோகத்து வண்டிகளுக்கு மட்டும்தான் அது. லாரிக்கு அதில் இடமில்லை. நாட்டின் பாரத்தையெல்லாம் சுமந்த வண்டிக்கு அந்த மரியாதை கிடைக்காதது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெயின்ட் விஷயத்தில் ஒரு பழக்கம் மாற வேண்டும். ரெட் ஆக்சைடு அடித்து, மேலே கறுப்பு அடிப்பது வழக்கம். ரெட் ஆக்சைடு மட்டும் ஈரத்தை நிறுத்தாது. மணல் அடித்து வெளுத்த இரும்பில் சில மணி நேரத்துக்குள் துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமர் ஏற வேண்டும். ராத்திரி விட்டுவைத்தால் காலையில் செம்மை படர்ந்திருக்கும். உப்பு ஏற்றிய வண்டி என்றால் மணல் அடிப்பதற்கு முன்னும் பின்னும் நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் உப்பின் மேலேயே பெயின்ட் அடித்தாகிவிடும். இந்த வேலையை ஆடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று காற்றாலைக்கு நல்லது. ஈரப் பெயின்ட்டுக்கு ஊர்ப் புழுதி முழுவதையும் கொண்டுவந்து ஒட்டும். மழைக்கு முன்னால் பழைய இன்ஜின் ஆயிலை டீசலில் கலந்து அடியில் அடிக்கிற வழக்கமும் உண்டு. துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும், ஆனால் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், மண்ணைப் பிடித்துவைத்து எந்தக் கீறலும் தெரியாமல் மூடும்.

மேல்பூச்சுக்கு நான் சொல்வது வெளிர் சாம்பல் நிறம். கறுப்பில் அழுக்கு தெரியாது, கீறலும் தெரியாது. சாம்பலில் மயிரிழைத் துருக்கோடுகூட டார்ச் வெளிச்சத்தில் கண்ணில் படும். பாடியை இறக்கும்போது பழைய மரக்கட்டையைத் திரும்ப வைக்காமல் புதிதாக, அடிப்பக்கம் ரப்பர் பட்டை ஒட்டி வையுங்கள். முதல் நடையில் பாதி லோடு. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா யூ போல்ட்டையும் மறுபடி முறுக்குங்கள். ஸ்பிரிங் கட்டும் புதுக் கட்டையும் அழுந்தி அவை தளர்ந்திருக்கும். அப்படியே அடியில் படுத்து, வெல்டு வைத்த இடத்தின் இரண்டு ஓரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.